பதினேழாம் கம்பம்

சூசை இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அன்றைக்கும் மாலை ஐந்தே முக்காலுக்குச் சரியாக அவர் பேச்சியம்மாளைத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏ பேச்சி, அந்தச் செவலைய இன்னும் வெளியவா கட்டியிருக்க? பெரியவுக சில்வர் ஓக்கு வரைக்கும் எறங்கி வந்துட்டாக. மாட்ட உள்ள புடிச்சுக் கட்டு. வாசல் லைட்ட அணை. புள்ளைகள ஒரு தடவ எண்ணிப் பாத்துட்டுக் கதவச் சாத்து. கேட்டுச்சா?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு!" பேச்சியம்மாள் மாட்டை இழுத்துக்கொண்டே கத்தினாள். "உசுரோட இருந்தப்பவும் இந்த மனுசன் வாய் ஓயல, போய்ச் சேந்தும் ஓயல."

செவலை அவள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சூசை அதைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும் தேவிமுடி எஸ்டேட்டில் எந்த வீட்டில் எந்த மாடு, எந்தப் பிள்ளை அடங்காப்பிடாரி, எவன் பொழுது சாய்ந்ததும் பாட்டிலோடு ஓடைப்பக்கம் ஒதுங்குகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. திட்டுவதையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் திட்டுவார். பேர் சொல்லாமல் திட்டினால் பக்கத்து வீட்டுக்காரனை என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது அவர் அனுபவம்.

குரல் வருவது கம்பத்திலிருந்து. காடு முடிந்து தேயிலை தொடங்கும் எல்லை நெடுக, சரணாலயத்தைச் சுற்றி முப்பத்தெட்டுக் கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் இருட்டில் பார்க்கும் கண் ஒன்று, அடியில் மண்ணின் அதிர்வை வைத்தே யானையின் நடையை அறிந்துகொள்ளும் காது ஒன்று, நடுவில் ஒலிபெருக்கி. யானை வந்தால் கம்பம் பேசும். என்ன பேசவேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. சூசை உயிரோடிருந்தபோது ஊர் ஊராகப் போய்ப் பேசிய அறுநூறு மணி நேரப் பேச்சை ஒன்றுவிடாமல் விழுங்கிய இயந்திரம் அது. சூசை இன்றைக்கு இருந்தால் என்ன சொல்வாரோ, அதைத் தானே சேர்த்துச் சொல்லிவிடும்.

அவருடைய பழக்கம்கூட அதற்கு வந்துவிட்டது. எதிரே இருப்பவர் வாயிலிருந்து 'கேட்டாச்சு' என்ற சொல் வராமல் சூசை இடத்தை விட்டு நகரமாட்டார். வந்த பிறகு 'போயிட்டு வாரேன்' சொல்லாமல் போகவும் மாட்டார். கம்பமும் அப்படித்தான். வீடு வீடாகப் பேர் சொல்லிக் கேட்கும். எல்லா வீட்டிலிருந்தும் பதில் வந்ததும், "சரி, நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லி அடங்கும்.

முப்பத்தேழு கம்பங்கள் மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். பதினேழாம் கம்பம் மட்டும் அடங்காது.

அந்தக் கம்பத்தின் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். லைன் என்று சொல்வார்கள். ஒன்பது வீடுகளில் தேயிலை பறிக்கிறவர்கள். கோடியில் இருக்கும் பத்தாவது வீடு, ஜெசிந்தா டீச்சருடையது. ஒன்பது வீடும் பதில் சொல்லி முடித்த பிறகு குரல் அவளிடம் வந்தது.

"ஜெசிந்தா, கேட்டுச்சா?"

ஜெசிந்தா அடுக்களை ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"ஏ ஜெசிந்தா, ஒன்னத்தான். கேட்டுச்சா?"

அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். வெங்காயம் உரிக்கிற நேரத்தில் யாரும் எதற்கு அழுகிறாய் என்று கேட்பதில்லை. வெளியே குரல் விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. கடைசி யானையும் ரோட்டைத் தாண்டிப் பள்ளத்து ஓடைக்குப் போய்க் கால் மணி நேரம் ஆன பிறகு, பாதி வாக்கியத்தில் சட்டென்று நின்றது. பத்து வருடமாக இதேதான்.

*

ஜெசிந்தா எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தபோது அவளுக்கு வயது இருபத்துமூன்று. காட்டை ஒட்டிய ஊர்களில் கூட்டம் போட்டு யானையைப் பற்றிப் பேச, அந்த வருடம்தான் ஒரு அறக்கட்டளை சூசையை வேலைக்கு எடுத்திருந்தது. தள்ளினால் ஓடும் ஜீப் ஒன்று, ஸ்லைடு புரொஜெக்டர் ஒன்று, திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி, கோணிச்சாக்கில் தைத்த ஆளுயர யானை ஒன்று. அவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி.

சாக்கு யானைக்கு உள்ளே இரண்டு பேர் போகவேண்டும். முன்கால் சூசை. பின்காலாக இருந்தவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, சூசை பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆள் கேட்டார். வாத்தியார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யானையின் பின்பக்கமாக இருக்க அவர்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

"நான் வரேன்" என்றாள் ஜெசிந்தா. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

சாக்குக்குள் கும்மிருட்டு. தூசி மூக்கில் ஏறும். குனிந்தபடி நடக்கவேண்டும். எதிரே என்ன இருக்கிறது என்று பின்காலுக்கு ஒன்றுமே தெரியாது. முன்னால் போகிறவரின் குரல்தான் துணை.

"படி வருது, காலத் தூக்கு. கேட்டுச்சா?"

"கேட்டாச்சு."

"எடது பக்கம் சாக்கடை. வலது ஒதுங்கு. கேட்டுச்சா?"

"கேட்டாச்சு."

பதில் வராவிட்டால் சூசை ஒரு எட்டு வைக்கமாட்டார். பின்னால் வருகிறவள் விழுந்துவிடக் கூடாது என்கிற கவலை. ஒருமுறை கடைவீதியில் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்து வாயடைத்துப்போக, யானை நடுரோட்டில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, கூட்டம் விசில் அடிக்கிறது, யானை அசையவில்லை. இதையெல்லாம் பார்த்த பிள்ளைகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். சூசை எதைச் சொன்னாலும் ஊரே ஒரே குரலில் 'கேட்டாச்சு' என்று கத்தும்.

அவர் பாடம் நடத்தியதில்லை. காட்டைக் காப்போம் என்று கோஷம் போட்டதுமில்லை. வேட்டித் திரையில் ஒரு ஸ்லைடைப் போட்டுவிட்டு, பீடி குடிப்பவரிடம் பேசுவதுபோலப் பேசுவார். "பெரியவுக நம்ம ஊருக்குள்ள வரல. அவுக நடந்து போற எடத்துல நாம படுத்திருக்கோம். எந்திரிச்சு ஓடவா சொல்லுறாக? கொஞ்சம் கால மடக்கிக்கிடச் சொல்லுறாக. மடக்கிக்கிட்டா தாண்டிப் போயிருவாக." யானை என்ற சொல்லை அந்தப் பக்கத்து ஆட்கள் அது அருகில் இருக்கும்போது சொல்வதில்லை. பெரியவர்கள் என்பார்கள். சூசை ஒருபடி மேலே போய், கூட்டத்தை நடத்தி வரும் காது கிழிந்த பெண் யானைக்கு 'மதனி' என்று பேர் வைத்தார்.

கல்யாணப் பேச்சையும் சாக்குக்குள் வைத்தே முடித்துவிட்டார். "என்னக் கட்டிக்கிடுதியா? கேட்டுச்சா?" என்றார். பின்கால் கொஞ்ச நேரம் பேசவில்லை. யானை நின்றது. ஜனங்கள் காத்திருந்தார்கள். "கேட்டாச்சு. நடங்க மொதல்ல" என்று பின்னாலிருந்து வந்தது. அந்த மூன்று நான்கு வருடங்களில் அவளுக்கு இருந்த சந்தோஷம் பிறகு வந்த எந்த நாளிலும் இருந்ததில்லை. முதுகு வலிக்க, மூச்சு முட்ட, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடந்த நாட்கள் அவை.

வீட்டிலும் அதே பழக்கம்தான். காலையில் கிளம்பும்போது சூசை வாசலில் நின்று, "ஆறு மணிக்குள்ள வந்துருவேன், கேட்டுச்சா?" என்பார். அவள் அடுக்களையிலிருந்து, "கேட்டாச்சு" என்பாள். "சரி புள்ள, போயிட்டு வாரேன்" என்று படியிறங்குவார்.

கடைசி நாள் அப்படி நடக்கவில்லை. அன்றைக்கு மகள் மெர்லினுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சர்ச்சில் பத்து மணிக்குப் பூசை. எஸ்டேட்டின் மேல்பிரட்டுப் பகுதியில் முந்தின நாள் யானை ஒரு வீட்டுச் சுவரைத் தள்ளிவிட்டதால் அங்கே போய்ப் பேசியே தீரவேண்டும் என்று கிளம்பினார் சூசை. ஜெசிந்தாவுக்குக் கோபமான கோபம்.

"பூசைக்குள்ள வந்துருவேன், கேட்டுச்சா?"

அவள் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஜெசிந்தா, கேட்டுச்சா?"

நன்றாகக் கேட்டது. மூன்றாவது முறையும் கேட்டார். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு செருப்புச் சத்தம் மட்டும் படியிறங்கியது. பனி இறங்கியிருந்த ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் பள்ளத்தில் உருண்டதாக ஒன்பதரைக்குத் தகவல் வந்தது.

*

அவர் போன அடுத்த வருடம்தான் கம்பங்கள் வந்தன. முதலில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரலை வைத்தார்கள். 'பொதுமக்கள் கவனத்திற்கு' என்று அது ஆரம்பித்ததும், அந்தக் கவனத்துக்குரிய பொதுமக்கள் நாங்கள் இல்லை என்பதுபோல ஆட்கள் தாங்கள் பாட்டுக்குத் திரிந்தார்கள். இரண்டு பேர் செத்தார்கள். அப்போதுதான் யாருக்கோ சூசையின் ஒலிப்பதிவுகள் ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட ஜெசிந்தா அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று ஒரு காகிதம் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு இந்த எல்லையில் யானையால் ஒருவரும் சாகவில்லை.

சூசையின் வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசினாள். கம்பம் கூப்பிட்டால் உடனே 'கேட்டாச்சு' சொல்லவேண்டும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லிக் கொடுத்திருப்பாள். சனிக்கிழமைதோறும் வனத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்து இயந்திரத்துக்கு ஊர்ச்செய்தி தட்டிவிடுவதும் அவள்தான். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டுக்கு மருமகள் வந்தாள், யார் புதிதாக மாடு வாங்கினார்கள். விரலால் தட்டுவதோடு சரி, அதனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஊருக்கெல்லாம் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் தன் வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது சம்மதக் காகிதம் இந்த ஏப்ரலில் வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை.

"போதும்" என்றாள், காகிதத்தைக் கொண்டுவந்த ஃபர்ஹானாவிடம். கம்பங்களைப் பராமரிக்கும் இன்ஜினியர் ஃபர்ஹானா பொள்ளாச்சிக்காரப் பெண். வந்து மூன்று வருடம் ஆகிறது. "ஒரு மனுஷனை எத்தனை தடவம்மா அடக்கம் பண்றது? தினம் சாயங்காலம் அவரு என்னைக் கூப்பிடுறாரு. நான் மே மாசக் கடைசியில மெர்லின்கிட்ட நாகர்கோவிலுக்குப் போயிடப் போறேன். அதுக்கு முன்னால அவரும் ஓயட்டும்."

"ஜனங்க வருத்தப்படுவாங்க டீச்சர்."

"எனக்கு வருத்தம் இல்லையா?"

ஃபர்ஹானா காகிதத்தை மேசைமேல் வைத்தாள். இன்னும் ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் போனாள். புதுக் குரல் ஒன்றைச் சோதனைக்கு ஏற்றினார்கள். இந்தத் தடவை கவனமாகச் செய்திருந்தார்கள். இளம் பெண்ணின் குரல், ஊர்ப் பேச்சு, எல்லோர் பேரும் தெரியும், கனிவாகவும் பேசியது. முதல் நாள் சாயங்காலம் அது, "ஜெசிந்தாம்மா, கேட்டுச்சுங்களா?" என்றதும், "கேட்டாச்சு" என்று ஜெசிந்தா பளிச்சென்று பதில் சொன்னாள். பதினேழாம் கம்பம் மூன்றாவது நிமிடத்தில் அடங்கியது. லைனில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஜெசிந்தா நிம்மதியாகச் சாப்பிட்டாள். இந்த அமைதிக்காகத்தானே இவ்வளவு வருடம் காத்திருந்தோம் என்று தோன்றியது. பாத்திரம் கழுவி முடித்த பிறகும் வீடு அமைதியாகவே இருந்தது. அது அவ்வளவு நன்றாக இல்லை.

மதனி அன்றைக்குக் கீழே இறங்கவில்லை. ஒன்பது உருப்படிகளும் சில்வர் ஓக் மரங்களுக்குள்ளேயே நின்றன. அடுத்த நாளும் வந்து நின்றன. மூன்றாம் நாளும். வெயில் காலம், மேலே காட்டுக்குள் தண்ணீர் கிடையாது, குட்டி வேறு கத்திக்கொண்டிருந்தது. நான்காம் நாள் கூட்டம் வழி மாறிக் கீழ்லைன் பக்கம் இறங்கி, சத்துணவுக் கூடத்தின் சுவரைத் தள்ளிக்கொண்டு ஓடைக்குப் போனது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு என்பதால் தப்பித்தார்கள். அந்தப் பக்கம் ரேஷன் அரிசி வாங்கப் போயிருந்த பேச்சியம்மாள் ஓடும்போது விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள்.

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையோடு பேச்சியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. இந்தப் புதுப் பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா திட்டவே மாட்டேங்குது. திட்டாதவ சொல்லுறத எவ கேப்பா?"

சிரித்துக்கொண்டே வெளியே வந்த ஜெசிந்தா, பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அழுதுவிட்டாள்.

*

அந்தச் சனிக்கிழமை அவள் வழக்கம்போல ஊர்ச்செய்தியைத் தட்டிவிட்டாள். 'பேச்சியம்மாள், வலது கை முறிவு, மாடு பிடிக்க ஆள் வேண்டும்.' ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஃபர்ஹானா வீட்டுக்கே வந்துவிட்டாள். டீ குடிக்கவில்லை. கையிலிருந்த டேப்லெட்டை மேசைமேல் வைத்தாள்.

"டீச்சர், புதுக் குரல்ல ஒரு தப்பும் இல்ல. ஜனங்க ஒழுங்காத்தான் உள்ள போனாங்க, ஒழுங்காத்தான் பதில் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் மதனி எறங்கல?"

"அதத்தான் ஒரு வாரமா தேடினேன். பழைய பதிவு எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். கம்பம் வந்த புதுசுல அதுங்க இருபது எடத்துல கடந்திருக்கு. அப்புறம் பத்து எடம். கடைசி ஆறு வருஷமா ஒரே எடம்தான். இங்க. உங்க வீட்டு ஓரமா."

"ஓடை பக்கத்துல இருக்கே."

"ஓடை எல்லாக் கம்பத்துக்கும் பக்கம்தான் டீச்சர். இதைப் பாருங்க. கூட்டம் வந்து மரத்துக்குள்ள நிக்குது. சார் பேச ஆரம்பிக்கிறாரு. அதுங்க உடனே எறங்கல. எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் நின்னு கேக்குது. அதுக்கப்புறம்தான் எறங்குது. தினமும்."

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். மதனி காதை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"நாம மனுஷங்களுக்குன்னு கம்பம் நட்டோம். அதுங்களுக்கும் காது இருக்குன்னு யாரும் யோசிக்கல" என்றாள் ஃபர்ஹானா. "மத்த எடத்துல என்ன நடக்குது? மூணு நிமிஷத்துல சார் 'போயிட்டு வாரேன்'னு சொல்லிடுறாரு. உடனே நம்ம ஆளுங்க ஜன்னலைத் தெறந்து எட்டிப் பாக்குறாங்க. படம் எடுக்க வாசலுக்கு வராங்க. நாய் கொலைக்குது. சார் பேசிட்டே இருக்கிற எடத்துல மட்டும்தான் ஒருத்தரும் எட்டிப் பாக்கிறதில்ல. அந்தக் குரல் ஓயாம இருந்தா பாதை காலின்னு அதுங்க கண்டுபிடிச்சு வச்சிருக்கு. அந்தக் குட்டி பொறந்ததுலருந்து இப்படித்தான் கடக்குது. குரல் இல்லாம கடக்கவே அதுக்குத் தெரியாது."

ஜெசிந்தா திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏன் இந்த ஒரு கம்பம் மட்டும் ஓயலைன்னு அப்புறம் பாத்தேன்." ஃபர்ஹானாவின் குரல் தணிந்தது. "பத்தாவது வீடு. எனக்கு முன்னாடி இருந்தவங்க இதைக் கோளாறுன்னு நாலு தடவ எழுதியிருக்காங்க. சரி பண்ண ஆள் வந்தப்பல்லாம் லைன்காரங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்காங்க. சொன்னது பேச்சியம்மா."

ஜெசிந்தா சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். மேசையில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

"வீட்டுப் பட்டியல் உங்க கையிலதான் இருக்கு டீச்சர். உங்க வீட்ட நீங்களே அதுலருந்து எடுத்திருக்கலாம். ஒரு தட்டுல முடிஞ்சிருக்கும். அவரு உங்களக் கூப்பிட்டே இருக்கமாட்டாரு."

"மறந்திருப்பேன்."

"பத்து வருஷமாவா?"

அப்போதுதான் ஜெசிந்தா அந்தக் காலையைப் பற்றிச் சொன்னாள். மெர்லினிடம்கூடச் சொன்னதில்லை. மாவு பிசைந்ததை, மூன்று முறை கேட்டதை, செருப்புச் சத்தத்தை. "பதில் சொன்னாத்தான் அவரு போயிட்டு வாரேன்னு சொல்லுவாரு. அன்னைக்கு நான் சொல்லல. அவரும் சொல்லாமலே போயிட்டாரு. இனி நான் சொன்னா அவரு ஒரேயடியாப் போயிடுவாருன்னு ஒரு பயம்மா. சொல்லாம இருந்தா வாசல்லயே நிக்கிறாரு. அதையும் தாங்க முடியல."

ஃபர்ஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தான் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்குக் கடைசி நாள் டீச்சர். கையெழுத்து இல்லேன்னா அந்தக் குரலை அழிச்சுடணும், அதான் சட்டம். போட்டீங்கன்னா, கம்பத்தையே மாத்தி வச்சுடுறேன். யாரு பதில் சொன்னாலும் சொல்லாட்டியும், கடைசி உருப்படி தாண்டுற வரைக்கும் பேசும். நீங்க இங்க உக்காந்து வாயை மூடிட்டு இருக்கவேண்டியதில்ல. பட்டியல்லருந்து உங்க பேரை எடுத்துடுறேன். நிம்மதியா நாகர்கோவிலுக்குப் போங்க."

காகிதம் மேசைமேல் இருந்தது. ஜெசிந்தா அதைத் தொடவில்லை.

"இன்னைக்கு ஒரு சாயங்காலம் அவரைப் பேச வைக்க முடியுமா? எதையும் மாத்தாம, பழையபடியே."

"கையெழுத்து இல்லாமலா?" ஃபர்ஹானா தலையைச் சொறிந்தாள். பிறகு எழுந்தாள். "சோதனைன்னு எழுதிக்கிறேன். நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி."

*

ஐந்தே முக்காலுக்கு ஜெசிந்தா அடுக்களை ஜன்னலைத் திறந்து வைத்தாள். இந்த நேரத்தில் அந்த ஜன்னல் திறந்து பத்து வருடம் ஆகியிருந்ததால் கொண்டி கிறீச்சிட்டது. விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக, வெளியே தெரியாதபடி நின்றாள். பச்சைத் தேயிலைக்கு மேலே சில்வர் ஓக் வரிசை. அதற்குள் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது.

"ஏ பேச்சி!" என்றது கம்பம். "கட்டுப் போட்ட கையோட மாட்டப் புடிக்காத. ஏ சுடலமணி, என்னலே பாத்துக்கிட்டு நிக்க? நீ போய்ப் புடிச்சுக் கட்டு. கேட்டுச்சா?"

"கேட்டாச்சு மாமா!" என்றான் சுடலைமணி. பேச்சியம்மாளின் மருமகன் அவன். சூசை போன பிறகு அந்த வீட்டுக்கு வந்தவன்.

"கேட்டாச்சு, கேட்டாச்சு!" பேச்சியம்மாள் கத்தினாள். இன்றைக்கு அவள் வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஒன்பது வீடும் பதில் சொல்லி முடித்தன. கதவுகள் சாத்தப்பட்டன. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"ஜெசிந்தா, கேட்டுச்சா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஏ ஜெசிந்தா, ஒன்னத்தான் கேக்கேன். பெரியவுக வாராக. கேட்டுச்சா?"

மரங்களுக்குள்ளிருந்து மதனி தலையை நீட்டியது. கிழிந்த காது முன்னால் மடிந்தது. கம்பம் பேசிக்கொண்டே இருந்தது. எந்த வீட்டு நாய், எந்தப் பள்ளம், எந்தக் கம்பி என்று சூசை பழைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே அவள் பேர். எட்டு நிமிடம் ஆனது, ஒன்பது ஆனது. மதனி ஒரு காலைத் தூக்கித் தேயிலைக்கு நடுவிலிருந்த தடத்தில் வைத்தது. பிறகு மறுகால். பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. முன்னால் போகிறவளின் வாலைப் பார்த்துக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்தன.

முப்பதடி தூரத்தில் கடந்தன. வீட்டுத் தரை லேசாக அதிர்ந்தது. மண்ணும் சாணமும் கலந்த நெடி ஜன்னல் வழியாக வந்தது. சாக்குக்குள் குனிந்து நடந்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அவளுக்கும் எதிரே இருந்தது ஒன்றும் தெரியாது, இந்தக் குரல் மட்டும்தான் தெரியும். தன் வாயை அடைத்த துக்கம் இவ்வளவு பெரிய உடம்புகளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது என்பதை நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணினாள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

குட்டி கடைசியாக வந்தது. ரோட்டு நடுவில் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு ஓட்டமாக ஓடிப் பள்ளத்துக்குள் இறங்கியது. சிறிது நேரத்தில் ஓடையில் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது.

"ஜெசிந்தா, கேட்டுச்சா?" என்றார் சூசை.

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கேட்டாச்சு."

கம்பம் நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி ஒன்றுமில்லை. லைனில் ஒரு கதவும் திறக்கவில்லை.

"சரி புள்ள" என்றது குரல். "நான் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தாமலே ஜெசிந்தா விளக்கைப் போட்டுப் பேனாவைத் தேடினாள்.